சம்மட்டியும் பட்டடையும்

கெட்டவனை ஒழிக்க என்ன வழி என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். சட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பார் ஒருவர். கடவுள் பார்த்துக்கொள்வார் என்பார் இன்னொருவர். கையில் கிடைத்ததை எடுத்து நாலு போடு போட வேண்டும் என்பார் மூன்றாமவர். இந்த மூன்று வழியும் அடைபட்டுப் போன ஒருவன் என்ன செய்வான்? சட்டம் கெட்டவனின் சட்டைப் பையில் இருக்கிறது. கடவுளோ அவசரப்படுவதாகத் தெரியவில்லை. அடிக்கப் போனால் அடிபடப் போவது இவன்தான். அப்போது அவன் கையில் மிஞ்சுவது ஒன்றே ஒன்று, புத்தி. அந்தப் புத்தியை எதுவரை செலுத்தலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்? நெடுநாளாக என்னைக் குடையும் கேள்வி இது.

இந்தக் கேள்வியை நான் பார்த்தவற்றுள் மிகவும் கூர்மையாகக் கேட்டது ஒரு தத்துவ நூல் அல்ல, ஒரு டெலிவிஷன் தொடர். 1967 செப்டம்பர் முதல் 1968 பிப்ரவரி வரை பிரிட்டனில் ஒளிபரப்பான 'தி பிரிஸனர்', அதாவது 'கைதி'. மொத்தம் 17 பகுதிகள்தான். பாட்ரிக் மக்கூகன் என்ற நடிகர் கதாநாயகனாக நடித்ததோடு தொடரின் கர்த்தாவாகவும் இருந்தார். அன்று பார்த்தவர்களில் பாதிப் பேர் தலையைச் சொறிந்தார்கள்; மீதிப் பேர் அதற்குப் பக்தர்களாகிவிட்டார்கள். அந்தப் பக்தி இன்றும் தேயவில்லை.

கதை இதுதான். ஒற்று வேலையில் இருந்த ஓர் ஆங்கிலேயன் திடீரென்று ராஜினாமாச் செய்கிறான். வீட்டுக்கு வந்து பெட்டியில் துணி அடுக்கும்போது மயக்கமருந்துப் புகை பரவுகிறது. கண்விழித்தால் வேறோர் ஊர். கடற்கரை, வண்ண வண்ண வீடுகள், பூந்தோட்டம், பாண்டு வாத்தியம். (வேல்ஸின் வடபகுதியில், கிளஃப் வில்லியம்ஸ்-எல்லிஸ் என்ற கட்டிடக் கலைஞர் 1925 முதல் ஆசை ஆசையாகக் கட்டிய போர்ட்மெய்ரியன் என்ற ஊரில் இதைப் படம்பிடித்தார்கள்.) அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, நம்பர்தான். நம் ஆள் ஆறாம் நம்பர். ஊரை நடத்துகிறவர் இரண்டாம் நம்பர். ஏன் ராஜினாமாச் செய்தாய் என்பதை அவன் வாயிலிருந்து வரவழைப்பதே அவருடைய உத்தியோகம். வரவழைக்க முடியாதவர் போய்விடுவார். அந்த நாற்காலியில் வேறொருவர் வந்து உட்காருவார். முதல் நம்பர் யார் என்பது கடைசிவரை மர்மம்.

நான் சொல்ல வந்தது பத்தாவதாக ஒளிபரப்பான பகுதி. அதன் பெயர் சம்மட்டி பட்டடையாகும் கதையைச் சொல்கிறது. எழுதியவர் ரோஜர் வுட்டிஸ். இயக்கியவர் பாட் ஜாக்சன்.

தொடக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு பெண், 73-ஆம் நம்பர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவள், மணிக்கட்டில் கட்டு. அவளுடைய கணவனைப் பற்றி இரண்டாம் நம்பர் விசாரிக்கிறார். அவள் பேசவில்லை. உடனே, அந்தக் கணவன் இன்னொருத்தியோடு இருப்பதாகக் காட்டும் படங்களை எடுத்து அவள் கண்முன் நீட்டுகிறார். அவளுக்கு அந்த ஊரில் மிஞ்சியிருந்த ஒரே பிடிப்பு கணவன்மேல் வைத்த நம்பிக்கை. அதைத்தான் அவர் அறுக்கிறார். அலறல் கேட்டு ஆறாம் நம்பர் ஓடிவருகிறான். அதற்குள் அவள் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறாள். இதற்கு நீ விலை கொடுப்பாய் என்று அவன் அந்த இடத்திலேயே இரண்டாம் நம்பரிடம் சொல்லிவிடுகிறான்.

பிறகு இரண்டாம் நம்பர் அவனைத் தம் அறைக்கு வரவழைக்கிறார். கைத்தடிக்குள் மறைந்திருக்கும் வாளை உருவி அவன் நெற்றியில் வைக்கிறார். மனிதன் சம்மட்டியாக இருக்க வேண்டும், இல்லையேல் பட்டடையாக இருக்க வேண்டும் என்ற ஜெர்மன் மகாகவி கதேயின் கருத்தைச் சொல்லி, நான் சம்மட்டி, உன்னை அடித்து நொறுக்கப் போகிறேன் என்கிறார். அந்தச் சந்திப்பின்போதே மேலிடத்திலிருந்து டெலிபோன் வருகிறது. அவர் குரல் மாறுகிறது, நெஞ்சு நிமிர்ந்த மனிதர் வளைந்து குழைகிறார். எல்லாம் என் கைக்குள்தான் இருக்கிறது என்று வலிய வலியச் சொல்கிறார். ஆறாம் நம்பர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்துவிடுகிறது. இந்தச் சம்மட்டிக்குப் பயம் இருக்கிறது!

அதன்பின் அவன் நடத்தும் யுத்தத்தில் கத்தியில்லை, துப்பாக்கியில்லை. கடைக்குப் போய் பிஸே என்ற பிரெஞ்சு சங்கீதக்காரரின் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கிறான். ஒரே இசைத்தட்டின் எல்லாப் பிரதிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டு, கடிகாரத்தைப் பார்த்து ஏதோ குறித்துக்கொண்டு, ஒன்றையும் வாங்காமல் போய்விடுகிறான். கடைக்காரர் ஓடிப்போய்த் தகவல் சொல்கிறார். அத்தனை தட்டுகளையும் இரண்டாம் நம்பர் போட்டுப் போட்டுக் கேட்கிறார். எல்லாம் ஒன்றேதான். ஏன் கேட்டான்?

அடுத்து, எழுது அட்டையில் பதிந்த தடத்தில் ஒரு வாசகம் தெரிகிறது. இரண்டாம் நம்பரின் நிலை தடுமாறிவிட்டது, விவரமான அறிக்கை பின்னால் வரும் என்று யாரோ ஒரு மேலிடத்துக்கு எழுதிய மாதிரி. அந்த 'அறிக்கை'யை ஆறாம் நம்பர் கடற்கரையில் கல்லால் கட்டிய படகில் ஒளித்துவைக்கிறான். எடுத்துப் பார்த்தால் வெறும் வெள்ளைத் தாள்கள். இரண்டாம் நம்பர் அவற்றைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புகிறார். அங்கிருப்பவன் சோதித்துவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்கிறான். அவர் நம்பவில்லை. நீயும் அந்தச் சதியில் சேர்ந்தவனா என்று அவனையே கேட்கிறார்.

அந்தக் கேள்வியோடு ஆட்டம் முடிந்துவிட்டது என்பேன். பிறகு வருவதெல்லாம் சரிகிற சுவர் விழுவதுதான். பத்திரிகையில் 'டான் குவிக்ஸோட்' நாவலிலிருந்து ஒரு ஸ்பானிய வரி விளம்பரமாக வருகிறது. பாண்டு வாத்தியத் தலைவரிடம் ஒரு மெட்டை வாசிக்கச் சொல்லிவிட்டு அவன் நடந்துவிடுகிறான். பாவம், வாத்தியக்காரர் விசாரணைக்கு இழுக்கப்படுகிறார். விடியற்காலையில் கடலை நோக்கிக் கண்ணாடியால் ஒளிச் சைகை காட்டுகிறான். அதைப் பெயர்த்துப் பார்த்தால் குழந்தைகள் கைதட்டிப் பாடும் ஒரு பாட்டு. வாசற்படியில் ஒரு குயில் கடிகாரத்தை வைத்துவிட்டுப் போகிறான்; வெடிகுண்டு என்று அலறியடித்துக்கொண்டு ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் நம்பர் ஒவ்வொருவராகச் சந்தேகித்து ஒவ்வொருவராக விரட்டுகிறார். உயிரைக் கொடுத்து உழைத்த பதினான்காம் நம்பர் போகிறான். கட்டுப்பாட்டு அறை மேற்பார்வையாளர் போகிறார். வாய்திறவாத குள்ள வேலைக்காரனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறான்.

கடைசியில் தனியறையில் இருவர்தான். நீ என்னைச் சோதிக்க மேலிடம் அனுப்பிய ஆள், எனக்குத் தெரியும் என்கிறார் இரண்டாம் நம்பர். அப்படியானால் மேலிடத்தின் வேலையில் நீ எப்படிக் குறுக்கிடலாம், அது துரோகமல்லவா என்று திருப்பிப் போடுகிறான் ஆறாம் நம்பர். மனிதர் நொறுங்கிவிடுகிறார். நடுங்கும் கையால் டெலிபோனை எடுத்து, இங்கே நிர்வாகம் தகர்ந்துவிட்டது, இரண்டாம் நம்பரை மாற்றுங்கள் என்று தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கிறார்.

பார்த்து முடித்ததும் எனக்கு மகா திருப்தி. அந்தத் திருப்தியைத்தான் விசாரிக்க விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். ஆறாம் நம்பர் செய்தது பொய்யா? நம் பஞ்சதந்திரத்தில் முதல் தந்திரமே மித்திரபேதம்தான். தமனகன் என்ற நரி, சிங்கத்திடம் போய் எருது உன்னைக் கொல்லப் பார்க்கிறது என்கிறது; எருதிடம் போய்ச் சிங்கம் உன்னைத் தின்னப் பார்க்கிறது என்கிறது. அது அப்பட்டமான பொய். ஆறாம் நம்பரோ பெரும்பாலும் வாயே திறப்பதில்லை. இசைத்தட்டைக் கேட்டான், தாளை ஒளித்தான், கடிகாரத்தை வைத்தான். மீதியை எல்லாம் எதிராளியே எழுதிக்கொண்டான்.

ஜெர்மன் தத்துவ ஞானி கான்ட், கொலைகாரன் வாசலில் நின்று நண்பன் எங்கே என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதிய மனிதர். அத்தனை கண்டிப்பானவரே, மாணவர்கள் குறித்துவைத்த தம் சொற்பொழிவில் ஒரு சலுகை தருகிறார். நான் பெட்டி கட்டினால், பார்க்கிறவர்கள் நான் பயணம் போவதாக நினைத்துக்கொள்வார்கள். அப்படி நினைக்க வேண்டும் என்றே நான் கட்டினாலும் அது பொய்யாகாது, ஏனென்றால் என் மனத்தைச் சொல்வதாக நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்கிறார். இந்தக் கணக்குப்படி ஆறாம் நம்பரின் வெள்ளைத் தாள்கள் தப்பித்துவிடும்.

எனக்கு இந்தச் சலுகை ஒப்பவில்லை. நம் பாரதக் கதைக்கு இந்த விஷயத்தில் கான்ட்டை விடக் கூர்மையான கண் இருக்கிறது. அசுவத்தாமன் என்ற யானை செத்தது மெய். தருமர் சொன்ன வாக்கியத்தில் எழுத்துக்கு எழுத்து பிழை இல்லை. ஆனாலும் தரையில் படாமல் நாலு விரற்கடை உயரத்தில் ஓடிக்கொண்டிருந்த அவர் தேர் மண்ணில் இறங்கிவிட்டது. வாக்கியம் தப்பித்தது, மனிதர் தப்பிக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் நெஞ்சில் இருந்தால், அது வார்த்தையாக வந்தாலென்ன, வெள்ளைத் தாளாக வந்தாலென்ன? ஆகவே, 'அவன் ஒன்றும் சொல்லவில்லையே' என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். அவன் ஏமாற்றினான். அதை நியாயப்படுத்த வேறு காரணம் வேண்டும்.

அந்தக் காரணம் இருக்கிறது. அவன் கைதி. குற்றம் சாட்டாமல், விசாரிக்காமல், பெயரையும் பிடுங்கிக்கொண்டு அடைத்துவைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே ஒரு பெண் செத்தாள். அவளுக்காக முறையிட அங்கே கோர்ட்டு இல்லை, போலீஸ் இல்லை, பத்திரிகைகூட ஜெயிலருடையது. உண்மை என்பது மனிதர்கள் ஒருவருக்கொருவர் செலுத்தும் கடன். கடன் என்றால் இரண்டு பக்கமும் கணக்கு இருக்க வேண்டும். கணக்குப் புத்தகத்தையே கொளுத்திவிட்டவன், எனக்கு வரவேண்டிய உண்மை எங்கே என்று கேட்க உரிமையற்றவன். இதுவரை நான் ஆறாம் நம்பர் கட்சி.

ஆனால் கேள்வி இங்கேதான் கடினமாகிறது. அவன் எடுத்த ஆயுதத்தைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டாம் நம்பர் அந்தப் பெண்ணைக் கொன்றது எதனால்? சந்தேகத்தால். அவள் நம்பியிருந்த ஒருவனை அவள் நம்ப முடியாதபடி செய்தார். ஆறாம் நம்பர் அவரை வீழ்த்தியது எதனால்? அதே சந்தேகத்தால். அவர் நம்ப வேண்டியவர்களை அவர் நம்ப முடியாதபடி செய்தான். கொலைக்குப் பயன்பட்ட அதே கத்தியைக் கழுவாமல் எடுத்துக் குத்தியிருக்கிறான். அப்படியானால் இருவருக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசம் உண்டு என்றே நான் கருதுகிறேன். அந்தப் பெண்ணின் அறையில் ஒரே ஒரு வழிதான் இருந்தது, ஜன்னல். படம் மெய்யா என்று கணவனைக் கேட்க அவளால் முடியாது. அவன் அங்கே இல்லை. இரண்டாம் நம்பருக்கோ எல்லாக் கதவும் திறந்தே கிடந்தன. பதினான்காம் நம்பரைக் கூப்பிட்டு, உட்காரப்பா, நடந்ததைச் சொல் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பரிசோதனைச் சாலைக்காரன் வெள்ளைத் தாள் என்று சொன்னபோது, சரி, வெள்ளைத் தாள்தான் என்று சிரித்திருந்தால் போதும். ஆராயாமல் ஒருவனை நம்புவதும், ஆராய்ந்து நம்பியவனைப் பிறகு சந்தேகிப்பதும் இரண்டுமே தீராத துன்பம் தரும் என்று திருவள்ளுவர் அரசனுக்குச் சொன்ன புத்திமதி, அந்த அறைக்கென்றே சொன்னது போலிருக்கிறது. அந்தப் பெண் நம்பிக்கை வைத்திருந்ததால் அழிந்தாள். இவர் நம்பிக்கை வைக்கத் தெரியாததால் அழிந்தார். ஆறாம் நம்பர் கொண்டுவந்தது நெருப்புக் குச்சி ஒன்றுதான். வீடு முழுக்க எண்ணெயை ஊற்றிவைத்திருந்தவர் அவரே.

இந்த வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனாலும் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதை மூடி மறைத்தால் நானும் ஒரு வெள்ளைத் தாளை ஒளித்துவைத்தவன் ஆவேன். சந்தேகத்துக்குக் குறிபார்த்துச் சுடத் தெரியாது. ஒருவன் நெஞ்சில் அதை ஏவினால், அது அவனோடு நிற்பதில்லை. அவன் கைக்கு எட்டுகிற அத்தனை பேர்மேலும் பாய்கிறது. வாத்தியக்காரர் என்ன பாவம் செய்தார்? ஒரு மெட்டு கேட்டார்கள், வாசித்தார். அவரை இழுத்து உலுக்கியது இரண்டாம் நம்பர்தான். ஆனால் உலுக்குவார் என்று தெரிந்தே அவரிடம் போய் நின்றது யார்?

இது வெறும் கதைக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் தொடர் ஒளிபரப்பான அதே காலத்தில் அமெரிக்காவில் இது மெய்யாகவே நடந்துகொண்டிருந்தது. சி.ஐ.ஏ.வில் பகைநாட்டு ஒற்றர்களைக் கண்டுபிடிக்கும் பிரிவுக்கு 1954 முதல் 1974 வரை தலைவராக இருந்தவர் ஜேம்ஸ் ஆங்கிள்டன். அவருடைய ஆங்கிலேய நண்பர் கிம் ஃபில்பி சோவியத் ஒற்றர் என்பதும், 1963-இல் மாஸ்கோவுக்கு ஓடிவிட்டதும் அவர் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. பிறகு அவர் பார்த்த இடமெல்லாம் துரோகி. சொந்த அலுவலகத்தில் பல அதிகாரிகளின் உத்தியோக வாழ்க்கை அந்தச் சந்தேகத்தில் நசிந்தது. தேடிய துரோகி மட்டும் அகப்படவில்லை. 1964-இல் யூரி நோசென்கோ என்ற சோவியத் அதிகாரி அமெரிக்கர்களிடம் தஞ்சம் புகுந்தார். இவர் போலி என்று சந்தேகித்து மூன்று வருஷங்களுக்கு மேல் வழக்கில்லாமல் தனிக்கொட்டடியில் அடைத்துவைத்தார்கள். பிறகு, அவர் சொன்னது மெய் என்று ஒப்புக்கொண்டு விடுவித்து, நஷ்டஈடும் தந்து, தங்களுக்கே ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். கொட்டடியில் போன வருஷங்களை யார் தருவது?

ஆங்கிள்டனின் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஃபில்பி என்ற துரோகி மெய்யாகவே இருந்தான். ஆனால் ஒரு மெய்த் துரோகம் ஆயிரம் பொய்த் துரோகங்களைப் பெற்றுப்போட்டுவிட்டது. நோசென்கோவின் கொட்டடியை நினைக்கும்போது, குயில் கடிகாரத்தைப் பார்த்து வரும் என் சிரிப்பு கொஞ்சம் குறைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டாம் நம்பர் போனபின் அந்த ஊருக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் அதே நாற்காலியில் வேறொருவர். காவலும் அதே, பாண்டு வாத்தியமும் அதே. செத்தவள் எழுந்து வரவில்லை. பழிவாங்குகிறவனின் கை ஆளை எட்டுகிறது, நாற்காலியை எட்டுவதில்லை. இதனால் அவன் செய்தது வீண் என்று நான் சொல்லவரவில்லை. அந்த மனிதர் இனி இன்னொரு கட்டிலருகே படங்களோடு போய் நிற்கமாட்டார். அது சின்ன விஷயமா? அடுத்த நோயாளியைக் கேட்டால் தெரியும். கதையை எழுதியவர் ஆறாம் நம்பருக்கு இந்தச் சிறிய வெற்றியைக் கொடுத்து, பெரிய வெற்றியைக் கொடுக்காமல் விட்டார். கதை எழுதுகிற எனக்கு அந்த நேர்மை பிடித்திருக்கிறது.

ஆகவே என் தீர்ப்பு இது. ஆறாம் நம்பருக்கு அந்த யுத்தத்தை நடத்த உரிமை இருந்தது. ஆனால் உரிமை இருந்தது என்பதால் கை சுத்தமாக இருந்தது என்று ஆகிவிடாது. தன்னைக் காத்துக்கொள்ள ஏமாற்றலாம். கேட்க நாதியில்லாத ஒருத்திக்காகவும் ஏமாற்றலாம். வழிப்போக்கனைக் கருவியாக்கிக்கொள்ளும்போதோ அந்த வாத்தியக்காரரின் பேரில் ஒரு பற்று எழுதப்படுகிறது. என்றாவது அதைத் தீர்க்க வேண்டும். ஆறாம் நம்பர் தீர்த்ததாகக் கதையில் இல்லை.

ஜெர்மன் கவிஞரின் உவமையை வைத்து இரண்டாம் நம்பர் பெருமையடித்துக்கொண்டார். ஆங்கில எழுத்தாளர் ஆர்வெல் அதே உவமையை எடுத்து, மெய்யான பட்டறையில் உடைவது சம்மட்டிதான், பட்டடை அல்ல என்று ஒருமுறை சுட்டிக்காட்டியிருக்கிறார். கதையும் அப்படித்தான் முடிகிறது. ஆனால் கொல்லன் பட்டறை ஓரமாக நின்று பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். சம்மட்டிக்கும் பட்டடைக்கும் நடுவில் பழுக்கக் காய்ந்த இரும்பு ஒன்று கிடக்கிறது. அடி முழுவதும் விழுவது அதன்மேல்தான். அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணும் வாத்தியக்காரரும் பரிசோதனைச் சாலைப் பையனும் அந்த இரும்பு. கெட்டிக்காரர்கள் இருவர் மோதும் கதைகளை நாம் ஆவலோடு படிக்கிறோம்; யார் ஜெயித்தார் என்று கேட்கிறோம். நடுவில் கிடந்தவர்களின் நம்பர்கூட நமக்கு நினைவிருப்பதில்லை.

அவளுடைய நம்பர் 73.